திடப்படுத்தல் வகுப்பில் ஆமாஞ்சாமி

அந்தத் தெருவில் சலூன்காரரைப் பெயர் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. ‘ஆமாஞ்சாமி கடை எது?’ என்றால் குழந்தைகூடக் கைகாட்டும். அந்தப் பட்டத்தை முகத்துக்கு நேரே சொன்னாலும் அவருக்குக் கோபம் வராது. “உங்களை ஆமாஞ்சாமின்னு கூப்பிடறாங்களாமே?” என்று புதிதாக முடி வெட்ட வந்த ஒருவர் கேட்டபோது, “ஆமாங்க” என்றார்.

பட்டம் சும்மா வந்துவிடவில்லை. ஒரு நாள் காலை, நாற்காலியில் லாரி ஓட்டுநர் உட்கார்ந்திருந்தார். “இந்த ஊருக்கு இனிமே மழையே கிடையாது” என்றார்.

“எங்கேருந்து வரும்? வானத்தைப் பார்த்தாலே தெரியுதே” என்றார் சலூன்காரர்.

பெஞ்சில் முறைக்குக் காத்திருந்த பழக்கடைக்காரர் பேப்பரை மடித்தார். “ரெண்டே நாள்ல கொட்டப் போகுது, பாரு.”

“கொட்டாம எங்கே போகும்?” என்றார் சலூன்காரர்.

ஓட்டுநர் திரும்பினார். “யோவ், இப்பத்தானே மழையே கிடையாதுன்னே?”

சலூன்காரர் இரண்டு விரலால் அவர் தலையைப் பழையபடி கண்ணாடிப் பக்கம் திருப்பிவைத்தார். “தலையை ஆட்டாதீங்க. காதுகிட்ட கத்தரி இருக்கு.”

இதுதான் அவருடைய தப்பிக்கும் வழி. இதற்கு மேல் யாரும் கேட்க முடியாது. காது எல்லோருக்கும் வேண்டும்.

சின்ன வயதில் இன்னொருவர் கடையில் தொழில் கற்றபோது, பந்தாட்டத்தைப் பற்றி ஒரு வாடிக்கையாளரிடம் வாதம் செய்தார். அந்த ஆள் ஒரு கன்னம் மழித்தும் மறு கன்னம் நுரையுமாக எழுந்து தெருவில் இறங்கிப் போய்விட்டார். கடை முதலாளி திட்டவில்லை. “கத்தி நம்ம கையில இருக்கு. வாயாவது அவங்ககிட்ட இருக்கட்டும்” என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு மூடிய வாய்தான். சொந்தக் கடை போட்ட பிறகும், கல்யாணமாகி மகள் பிறந்த பிறகும் அது ‘ஆமாம்’ சொல்ல மட்டுமே திறந்தது.

ஊரில் யாருக்கும் இதனால் நஷ்டமில்லை. வீட்டில்தான் வேறு கதை.

மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை. அவர் கணவரிடம் எதையும் ஒரு தடவை கேட்டு நிறுத்துவதில்லை. “வர்றேன்னீங்களே, நிஜமா வர்றீங்களா? சத்தியமாவா?” என்று மூன்று அடுக்காகக் கேட்டுப் பழகிவிட்டார். மகளோ கேட்பதையே விட்டுவிட்டாள். போன வருஷம் பள்ளி விளையாட்டு விழாவில் ஓடினாள். முடிவுக்கோட்டில் நிற்பதாக அப்பா சொல்லியிருந்தார். அதே காலையில் கல்யாண மாப்பிள்ளைக்கு முடி வெட்ட ஒரு மாப்பிள்ளை வீட்டாரிடமும் சரி என்று சொல்லியிருந்தார். நேரில் வந்து நின்றவர்கள் மாப்பிள்ளை வீட்டார். அவர் மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்புக் கோடுகூட மிதிபட்டு அழிந்திருந்தது. “ரெண்டாவதா வந்தேன்” என்றாள் மகள். அதோடு சரி. அழுதிருந்தால்கூட அவருக்குச் சமாதானம் சொல்லத் தெரிந்திருக்கும்.

இனி அவருடைய கிறிஸ்தவச் சபை விஷயம். குழந்தையாக இருந்தபோதே அவருக்கு ஞானஸ்நானம் ஆனது. அவர் வயதுப் பிள்ளைகள், வளர்ந்தபின் விசுவாசத்தைத் தங்கள் வாயாலேயே உறுதிசெய்யும் திடப்படுத்தலுக்கான வகுப்புக்குப் போன ஞாயிற்றுக்கிழமைகளில், அவர் முதலாளி கடையில் தரையில் கிடந்த முடியைக் கூட்டிக்கொண்டிருந்தார். ஞாயிறு காலை விட்டால் சலூனுக்கு ஏது பிழைப்பு? அந்த வகுப்பு முடிக்காதவர்களுக்கு அந்தச் சபையில் திருவிருந்தின் அப்பமும் திராட்சரசமும் கிடையாது. வருஷத்தில் சில நாள் மனைவியோடு ஆராதனைக்குப் போவார். திருவிருந்து நேரத்தில் வரிசை வரிசையாக எல்லோரும் எழுந்து பீடத்துக்குப் போவார்கள். அவர் முழங்காலைப் பக்கவாட்டில் ஒதுக்கி வழிவிடுவார். மனைவியும் அவரைத் தாண்டித்தான் போவார். திரும்பி வரும்போதும் அதே முழங்காலை அதே மாதிரி ஒதுக்குவார்.

இந்த வருஷம் மகளுக்கும் திடப்படுத்தல் வயது வந்துவிட்டது. இனி அவளுக்கும் முழங்காலை ஒதுக்கி வழிவிட வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் போதகர் ஒரு புது ஏற்பாடு செய்தார். அதுவரை வளர்ந்தவர்களைத் தனியாக அலுவலகத்தில் உட்காரவைத்து, யாருக்கும் தெரியாமல் சட்டென்று பாடத்தை முடித்து அனுப்புவது வழக்கம். இனி எல்லா வயதினருக்கும் ஒரே வகுப்பு என்றார். முடி வெட்டிக்கொள்ள வந்த இடத்தில் சலூன்காரரிடமும் அதையே சொன்னார்.

“பெரியவங்க கத்துக்கறதை ஒளிச்சு ஒளிச்சுச் செஞ்சா, சின்னவங்க என்ன நினைப்பாங்க? மீசை முளைச்சா படிப்பு முடிஞ்சதுன்னு நினைப்பாங்க. நீங்களும் வாங்களேன்.”

“ஆமாங்கய்யா, வர்றேன்” என்றார் சலூன்காரர். வழக்கமான ஆமாம்தான். ஆனால் இந்தத் தடவை அடுத்த ஞாயிறு நிஜமாகவே கடைக்கதவில் ‘சற்று நேரத்தில் வருவேன்’ அட்டையைத் தொங்கவிட்டுவிட்டுப் போனார். பழக்கடைக்காரர் அந்த அட்டையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

வகுப்பு நடந்தது கோயிலுக்குப் பின்னால், ஞாயிறு பள்ளிப் பொடிசுகளின் அறையில். சுவரில் காகித ஆடுகளும் காகித மீன்களும் ஒட்டியிருந்தன. நாற்காலிகள் முழங்கால் உயரம். அதில் உட்கார்ந்ததும் சலூன்காரரின் முழங்கால்கள் தாடையைத் தொட்டன. இந்தப் பக்கம் மகளும் நாலைந்து இளவயதுப் பிள்ளைகளும். அந்தப் பக்கம் ஒரு எலெக்ட்ரீஷியனும் அவருடைய மாமியாரும். மருமகன் தயங்கியதால் மாமியார் துணைக்கு வந்தாராம். வந்த இடத்தில் தனக்கும் திடப்படுத்தல் ஆகவில்லை என்று நினைவு வந்து உட்கார்ந்துவிட்டார்.

பாடம் நடத்தியவர் பல் ஆஸ்பத்திரியில் நர்ஸ். சலூன்காரரைவிட வயதில் மிகவும் இளையவர். “நீங்களும் நானும் ஒரே தொழில்தான் அண்ணே” என்றார். “ஆளை நாற்காலியில சாய்ச்சுத் தலையைப் பிடிக்கிற தொழில். ஒரே வித்தியாசம், என் ஆளுங்களால பேச முடியாது. உங்க ஆளுங்களால நிறுத்த முடியாது.”

“ஆமாங்க டீச்சர்.”

டீச்சர் ஆராதனையில் கேட்கப்படும் ஐந்து கேள்விகளை வாசித்தார். விசுவாசிக்கிறாயா, தீமையை விட்டு விலகுவாயா, பிறருக்கு உதவுவாயா, ஜெபிப்பாயா, ஞாயிறுதோறும் சபையோடு கூடி ஆராதிப்பாயா என்பவை அவை. “இதுக்கெல்லாம் கடைசி நாள்ல எல்லார் முன்னாடியும் பதில் சொல்லணும். அதுவரைக்கும் இந்த ரூம்ல மூணு பதில் சொல்லலாம். ஆமாம், இல்லை, இன்னும் தெரியலை. எதைச் சொன்னாலும் ஏன்னு சொல்லணும்.”

பிறகு பேச்சு கஷ்டங்களைப் பற்றித் திரும்பியது. எலெக்ட்ரீஷியனின் மாமியார், “கஷ்டம்னா என்ன? கடவுள் கொடுக்கற தண்டனைதான்” என்றார் உறுதியாக.

“நீங்க என்ன நினைக்கறீங்க அண்ணே?” என்று டீச்சர் சலூன்காரரிடம் கேட்டார்.

“அம்மா சரியாத்தான் சொல்றாங்க.”

மகள் திரும்பினாள். “அப்போ நம்ம அம்மாவுக்கு வேலை செய்யற இடத்துல ஆவி பட்டுக் கை வெந்துபோச்சே, அது தண்டனையா?”

“அது எப்படிம்மா தண்டனையாகும்? அது மிஷின் பண்ணின வேலை.”

“அப்போ இவங்க சொன்னது தப்பா?”

“அவங்க சொன்னதும் சரிதான்.”

அறை முழுக்கச் சிரித்தது. மாமியாரே சிரித்துவிட்டார். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. மகளின் காது இரண்டும் சிவந்துபோயின.

அடுத்த வாரப் பாடம், தோட்டத்தில் வேலை செய்யச் சொன்ன அப்பாவிடம் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருந்த ஒரு மகனின் கதை. வீடு திரும்பும் வழியில் மகள் சொன்னாள்: “மகனை அப்பாவா மாத்திட்டா அது நம்ம வீட்டுக் கதை.”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார்.

“அப்பா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“சொல்லும்மா.”

“அன்னைக்கு எல்லார் முன்னாடியும் நின்னு நீங்க ஆமாம்னு சொல்லாதீங்க. நீங்க எல்லாத்துக்கும் ஆமாம்னுதான் சொல்வீங்க. பக்கத்துல நின்னு நான் சொல்றதும் பொய் மாதிரி ஆயிடும்.”

அவள் குரலை உயர்த்தவில்லை. நேரம் என்ன என்று கேட்பதுபோல்தான் சொன்னாள். சலூன்காரர் அன்று கடைக்குப் போய்க் கத்தரியைக் கையில் எடுத்துவிட்டு, யாருக்கு எடுத்தோம் என்று மறந்து நின்றார்.

டீச்சரிடம் போய், எதற்கும் ‘இல்லை’ என்று சொல்லத் தனக்கு வாய் வருவதில்லை என்றார், மகள் சொன்னதை விட்டுவிட்டு. டீச்சர் அவருக்கு மட்டும் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். “இந்த வாரம் ஒரே ஒரு தடவை, உங்களுக்குத் தோணாத விஷயத்துக்கு ‘இல்லை’ன்னு சொல்லிட்டு வாங்க. சண்டை போடணும்னு இல்லை. மெதுவாச் சொன்னாப் போதும்.”

மனைவி ஒத்திகைக்கு உட்கார்ந்தார். “நான் சமைக்கிறது உங்களுக்குப் பிடிக்குமா?”

“பிடிக்கும்.”

“அதைக் கேட்கலைங்க, இல்லைன்னு சொல்லிப் பழகுங்க. சரி, வேற கேட்கறேன். என்னைக் கட்டிக்கச் சம்மதமான்னு எங்கப்பா கேட்டப்போ சரின்னீங்களே. யோசிச்சா சொன்னீங்க?”

அவர் வெகுநேரம் மனைவியின் கையில் இருந்த பழைய ஆவித் தழும்பைப் பார்த்தார். “யோசிக்கலை. யோசிக்காமச் சொன்னதுல அது ஒண்ணுதான் உருப்படியாப் போச்சு.”

“பேச்சு மட்டும் வருது” என்று எழுந்துபோன மனைவி, உள்ளே போய்ச் சிரித்தது கேட்டது.

கடையில் பாடம் பலிக்கவில்லை. “விலைவாசி இறங்கும்னு நினைக்கறியா?” என்று ஓட்டுநர் கேட்டபோது, பல்லைக் கடித்துக்கொண்டு “இல்ல” என்று ஆரம்பித்தார். ஓட்டுநர் புருவத்தைத் தூக்கினார். “இல்லாம பின்னே, இறங்கத்தானே செய்யும்” என்று முடிந்தது.

அந்த வாரக் கடைசியில் இரும்புக்கடைக்காரர் வந்தார். சபைக் கமிட்டியின் செயலாளர் அவர். தழையத் தழைய மீசை. இத்தனை வருஷமாக இந்த நாற்காலியைத் தவிர வேறு நாற்காலியில் உட்காராதவர். துணி போர்த்தி நுரை பூசியதும் பேச ஆரம்பித்தார்.

“பெரியவங்களையும் பசங்களையும் ஒண்ணாப் போட்டு அது என்னப்பா வகுப்பு? அந்தப் பல் ஆஸ்பத்திரிப் பொண்ணு வேதம் சொல்லித்தரச் சொன்னா விவாதம் சொல்லித்தருது. ‘தெரியலை’ங்கறதெல்லாம் ஒரு பதிலா?”

“அதானே.”

“உன் பொண்ணும் அங்கேதானே போகுது. கேள்வியாக் கேட்குதாமே.”

“ஆமாங்கண்ணே.”

“பழையபடி தனித்தனியா வச்சு, மனப்பாடம் பண்ணவச்சு விட்டா வேலை முடிஞ்சது. அந்தப் பொண்ணை மாத்திட வேண்டியதுதான். என்ன சொல்றே?”

“செஞ்சுடலாங்கண்ணே.”

கத்தி கவனமாகக் கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. வாய் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. இரும்புக்கடைக்காரர் முகத்தைத் தடவிப் பார்த்துத் திருப்தியாகப் போனார். தான் என்ன சொன்னோம் என்பது சலூன்காரருக்குத் துணியை உதறும்போதுதான் உறைத்தது. உறைத்தும் என்ன, சலூனில் சொன்னதுதானே, இதை யார் பெரிதாக எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

எடுத்துக்கொண்டார்கள். ஞாயிறு வகுப்பு நடக்கும்போது போதகர் வந்து வாசலில் நின்றார். முகத்தில் களையில்லை. “இந்த வகுப்பை நிறுத்தணும்னு கமிட்டியில பேச்சு வந்திருக்கு. வர்ற கூட்டத்துல முடிவு பண்ணுவாங்க. பிள்ளையை அனுப்பற ஒரு அப்பாவே இது சரியில்லைன்னு சொன்னாராம். டீச்சரையும் மாத்தச் சொன்னாராம். நான் என்ன சொல்ல முடியும்?”

டீச்சர் கையிலிருந்த சாக்பீஸைப் பெட்டியில் வைத்தார். மகள் மெதுவாகத் தலையைத் திருப்பி அப்பாவைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வரும்வரை அவள் முன்னால் நடந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் பேசினாள்.

“நீங்கதானே?”

“நான் சொல்லலைம்மா. அவர்தான் சொன்னார். நான் சும்மா…”

“ஆமாம்னீங்க.”

அவர் குனிந்து செருப்பு வாரைத் தடவிக்கொண்டிருந்தார்.

“இன்னைக்கு நீங்க உட்கார்ந்திருந்தது பெரிய நாற்காலி. கவனிச்சீங்களா? உங்க முழங்கால் வலிக்கும்னு டீச்சர் ஆபீஸ்ரூம்லேருந்து தூக்கிட்டு வந்து போட்டது.”

அவர் கவனித்திருக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் கடையை அரைகுறையாக மூடிவிட்டு இரும்புக்கடைக்குப் போனார். கடை நிறைய ஆணிப் பெட்டிகள், சுருட்டிய சங்கிலிகள், பெயின்ட் டப்பாக்கள். இரும்புக்கடைக்காரர் தராசில் ஆணி கொட்டிக்கொண்டிருந்தார். சலூன்காரருக்கு இரண்டு கையும் எதற்கென்று தெரியாமல் தொங்கின. இங்கே போர்த்தத் துணி இல்லை. திருப்பிவைக்கத் தலையும் இல்லை.

“என்னப்பா, கடையை விட்டுட்டு இந்தப் பக்கம்?”

“அண்ணே, அன்னைக்கு வகுப்பு பத்திச் சொன்னீங்க. நான் ஆமாம்னேன்.”

“ஆமா, சொன்னே.”

“இல்லண்ணே.”

“என்ன இல்ல? சொன்னியா, இல்லையா?”

“சொன்னேன். ஆனா அது என் நினைப்பு இல்ல. உங்க பேச்சுக்கு நான் தாளம் போட்டது.” கைக்கு எட்டிய ஆணி ஒன்றைப் பிடித்துக்கொண்டார். பேச்சை நிறுத்தவில்லை. “என் நாற்காலியில உட்கார்ந்தவங்க எல்லாரும் அவங்க நினைக்கறதைத்தான் என்கிட்ட சொல்வாங்க. நீ என்ன நினைக்கறேன்னு நிஜமாவே பதில் வேணும்னு கேட்ட மொத ஆளு அந்த டீச்சர்தான். கேட்டப்புறம்தான் தெரிஞ்சுது, எனக்கே அது தெரியாதுன்னு. இப்பத்தான் தேட ஆரம்பிச்சிருக்கேன். என் பொண்ணும் அங்கே வாயைத் திறக்கறா. அதை நிறுத்திடாதீங்கண்ணே.”

இரும்புக்கடைக்காரர் தராசுத் தட்டைக் கீழே வைத்தார். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்திருந்தார் சலூன்காரர். அவர் கத்தவில்லை. ஏதோ பறிபோனவர்போல முகம் மாறியது.

“அப்போ இத்தனை வருஷமா நான் சொன்னதுக்கெல்லாம் ஆமாம்னியே. அதுல எதுய்யா நிஜம்? வீட்டுல யாரும் நான் சொல்றதைக் கேட்கறதில்ல. உன்கிட்டதான் ஒரு மனுஷன் ஒத்துக்கறான்னு நினைச்சுக்கிட்டு வருவேன்.”

இந்த அடியைச் சலூன்காரர் எதிர்பார்க்கவில்லை. ஒத்துக்கொண்டது மரியாதை என்றுதான் இதுவரை நினைத்திருந்தார். “உங்க மருமகன் தங்கமான பையன்னு சொன்னீங்க. அதுக்கு ஆமாம்னது நிஜம்ணே. உங்க முதுகுவலிக்கு வெயிட்டு தூக்கறதுதான் காரணம்னீங்க. அதுவும் நிஜம்.”

“இந்த மீசை எனக்கு எடுப்பா இருக்குன்னு சொன்னேன்.”

சலூன்காரர் மீசையைப் பார்த்தார். தொழில்காரன் பார்வை. “அது… கொஞ்சம் யோசிக்கணும்ணே.”

ஆணி வாங்க வந்த ஆள் பக்கென்று சிரித்தான். இரும்புக்கடைக்காரர் அவனை முறைத்துவிட்டுச் சலூன்காரரிடம் திரும்பினார். “கமிட்டிக்கு வந்து இதைச் சொல்வியா?”

நாக்கு நுனிவரை ஆமாம் வந்துவிட்டது. அவர் அதை விழுங்கினார். கூட்டம் எப்போது என்று கேட்டார். அந்த நேரத்துக்கு யாருக்காவது வாக்குக் கொடுத்திருக்கிறோமா என்று மனதுக்குள் துழாவிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. “வர்றேன்” என்றார்.

போனார். கமிட்டி அறையில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, கடையில் சொன்னதை இன்னும் மோசமாகத் திக்கித் திணறிச் சொன்னார். பாதியில் நிறுத்திவிட்டு உட்கார்ந்துகொண்டார். காப்பாற்றியது இரும்புக்கடைக்காரர்தான். “இவர் முன்னாடி சொன்னது வேற, இப்போ சொல்றது வேற. இப்போ சொல்றதைக் கணக்குல எடுத்துக்குவோம். எனக்கு அந்த வகுப்பு இப்பவும் பிடிக்கலை. ஆனா ஆள் மாறியிருக்கார்” என்றார். வகுப்பு தப்பியது.

டீச்சருக்கு விஷயம் தெரிந்திருக்கும். அடுத்த ஞாயிறு பெரிய நாற்காலியைத் துடைத்துப் போட்டு, “உட்காருங்க அண்ணே” என்றார். சலூன்காரர் உட்காரவில்லை. “பரவாயில்லை டீச்சர், இதுலேயே உட்கார்றேன்” என்று பொடிசுகளின் நாற்காலியில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்தார். மகள் அதைப் பார்த்தாள். ஆனாலும் வீட்டில் அவளுடைய கேள்விகள் அம்மாவிடமேதான் போய்க்கொண்டிருந்தன.

திடப்படுத்தலுக்கு முன்பு போதகர் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுப் பேசினார். பொடிசுகளின் அறையிலேயே, மற்றவர்கள் பெஞ்சில் காத்திருக்கும்போதே. எலெக்ட்ரீஷியன் எல்லாவற்றுக்கும் யோசித்து ஆமாம் என்றார். மாமியார் யோசிக்காமலே ஆமாம் என்றார். சலூன்காரர் முறை வந்தது.

போதகர் முதல் கேள்வியைக் கேட்டார். அவர் யோசித்து, ஆமாம் என்றார். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் அப்படியே. ஜெபிப்பதைப் பற்றிக் கேட்டபோது, “கடையில ஆள் இல்லாத நேரத்துல செய்யறேன் ஐயா, சத்தமில்லாம” என்றார்.

“ஞாயிறுதோறும் சபையோடு கூடி ஆராதிப்பீங்களா?”

சலூன்காரர் தலையைக் குனிந்துகொண்டார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த மகள் நிமிர்ந்தாள்.

“இல்லைங்கய்யா.”

போதகர் காதில் சரியாக விழவில்லை என்பதுபோல் பார்த்தார். “என்ன சொன்னீங்க?”

“ஞாயிறு காலைதான் எனக்கு வியாபாரம். வகுப்புக்காகக் கொஞ்ச நேரம் அட்டையைத் தொங்கவிட்டுட்டு வர்றேன். வருஷம் முழுக்க முடியுமான்னு எனக்குத் தெரியலை. தெரியாம ஆமாம்னா, அப்புறம் உங்களைத் தெருவுல பார்த்தா ஒளிய வேண்டியிருக்கும். ஒரு வருஷம் வந்து பார்க்கறேன். முடிஞ்சா அடுத்த தடவை சொல்றேன்.”

“பொண்ணோட சேர்ந்து நிக்கணும்னு ஆசைப்பட்டீங்களே?”

“ஆமாங்கய்யா. ரொம்ப ஆசை.” இந்த ஆமாமுக்கு அவர் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

போதகர் எழுந்து அவர் தோளைத் தொட்டார். “அடுத்த வருஷம் இதே கேள்வியைக் கேட்பேன்.”

வெளியே வந்து அப்பாவும் மகளும் தெருமுனையைத் தாண்டினார்கள். அதற்குப் பிறகு அவள் அவர் கையைப் பிடித்தாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது பிடித்ததற்கு அப்புறம் இப்போதுதான். இரண்டு பேரும் அதைக் கவனிக்காததுபோல நடந்தார்கள்.

“இந்த வருஷமும் ஓடறேன்” என்றாள்.

“எப்போ?”

“வெள்ளிக்கிழமை. காலையில தகுதிச் சுற்று, மத்தியானம் இறுதி.”

அவர் நின்று யோசித்தார். “காலையில முடியாதும்மா. ஒரு மாப்பிள்ளை வர்றான், வாக்குக் கொடுத்துட்டேன். மத்தியானம் வர்றேன்.”

“மத்தியான ஓட்டத்துக்கு வந்தாப் போதும்.”

“அதுக்கு முதல்ல நீ காலையில தேறி வரணுமே.”

“அதெல்லாம் நான் வந்துடுவேன். நீங்க உங்க வேலையைப் பாருங்க” என்றாள். வர்றீங்களா, நிஜமாவா என்று மறுபடி கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் முடிவுக்கோட்டுக்குப் பக்கத்தில் நின்றார். சட்டைக் காலரில் மாப்பிள்ளையின் முடி ஒட்டியிருந்தது. இந்தத் தடவை அவள் மூன்றாவதாக வந்தாள். நின்ற வேகத்தில் அவர்மேல் வந்து மோதினாள்.

மகளின் திடப்படுத்தல் அன்று அவர் மனைவியோடு பெஞ்சில் இருந்தார். திருவிருந்துக்குப் போகும்போது மகள் அவரைத் தாண்டினாள். அவர் முழங்காலை ஒதுக்கினார். அவள் போகிற போக்கில் அந்த முழங்காலை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு கடைக்கதவில் அட்டை மாறியது. ஞாயிறு மத்தியானத்துக்கு மேல்தான் கடை. ஓட்டுநர் சண்டைக்கு வந்தார். “ஞாயித்துக்கிழமை காலையில ஒரு மனுஷன் முடி வெட்டிக்க முடியாதா?”

“இல்லைங்க” என்றார் சலூன்காரர். அவ்வளவு சுலபமாக வந்ததில் அவருக்கே ஆச்சரியம். ஓட்டுநர் சனிக்கிழமைக்கு மாறிக்கொண்டார். சிலர் வேறு கடைக்கே மாறிவிட்டார்கள். வருமானம் குறைந்தது நிஜம். மனைவி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இரும்புக்கடைக்காரர் கொஞ்ச காலம் இந்தப் பக்கமே வரவில்லை. ஒரு நாள் காதை மூடும் முடியோடு வந்து உட்கார்ந்து, கண்ணாடியைப் பார்க்காமல், “மீசையை எடுத்துடு” என்றார்.

வகுப்பை மட்டும் சலூன்காரர் விடவில்லை. புதுப் பிள்ளைகள் வந்தார்கள். மகள் இப்போது டீச்சருக்கு ஒத்தாசையாகப் பின்னால் நின்றாள். யாராவது சின்னவர்கள் யோசிக்காமல் ஆமாம் என்றால், அவள் அப்பாவைப் பார்ப்பாள். அவர் கூரையைப் பார்ப்பார்.

அடுத்த வருஷத் திடப்படுத்தலுக்குப் பேராயர் வந்தார். கோயில் நிறைந்திருந்தது. சலூன்காரர் தன் தோள் உயரம்கூட இல்லாத பிள்ளைகளுக்கு நடுவில் நின்றார். நான்கு கேள்விகள் கடந்தன. ஐந்தாவது கேள்வியைப் பேராயர் வாசித்தார். பிள்ளைகள் எல்லோரும் பதில் சொல்லி முடித்தார்கள். சலூன்காரரின் வாய் அசையவில்லை.

பேராயர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் காத்திருந்தார். ஓர் இருமல் கேட்டது. முன்வரிசையில் மீசையில்லாத இரும்புக்கடைக்காரர் உதட்டை அசைத்து ‘ஆம்’ என்று எடுத்துக்கொடுக்கப் பார்த்தார். மனைவி முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். மறந்துவிட்டார் பாவம் என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

மகள் மட்டும் அசையவில்லை. அப்பா மறக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். மழை பெய்த ஞாயிறுகள், திருப்பி அனுப்பிய மாப்பிள்ளைகள், பெஞ்சில் காத்திருந்து எழுந்துபோன ஆட்கள் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“ஆம்” என்றார் சலூன்காரர்.